இரைமீனும் வாயளவும்

பெரிய மீன்கள் தின்று வாழும் சிறு மீன்களே இரைமீன்கள். கடலில் மத்தியும் நெத்திலியும் இந்த இடத்தில் இருக்கின்றன. நன்னீர்க் குளங்களில் பல குடும்பங்களைச் சேர்ந்த விரல் நீள மீன்கள் இருக்கின்றன. அவற்றில் சில, தூண்டில் முள்ளில் உயிரோடு கோக்கப்படும்போது தூண்டில் மீன்களாகின்றன. நீரில் மிதக்கும் நுண்ணுயிரிகளையும் பூச்சிப் புழுக்களையும் தின்று, அவற்றைப் பெரிய மீன் கவ்வக்கூடிய உடலாக மாற்றித் தருவதுதான் குளத்தில் இவற்றின் வேலை. வேட்டைமீன் எவ்வளவு வளரும் என்பதை இரைமீன் தீர்மானிக்கிறது. இரைமீனில் எத்தனை மிஞ்சும், மிஞ்சியவை எந்த அளவில் இருக்கும் என்பதை வேட்டைமீன் தீர்மானிக்கிறது.

கடலில் இரை குறைந்தால் வேட்டைமீன் வேறிடம் தேடிப் போகும். பெரிய ஏரியிலும் ஒரு கரையில் இல்லாதது மறு கரையில் கிடைக்கலாம். அரை ஹெக்டேர்க் குளத்தில் போக்கிடம் கிடையாது. ஒரு பருவத்தில் குஞ்சுகள் அளவுக்கு மீறிப் பிழைத்தாலும், அடியோடு அழிந்தாலும், அதன் விளைவு அந்தக் குளத்துக்குள்ளேயே மூன்று நான்கு ஆண்டுகள் நீடிக்கும். இதனால் சிறு குளத்து மீன்தொகை எளிதில் நிலைகுலையும். அதே காரணத்தால் அதை ஆராய்வதும் எளிது: குளத்தை வடித்துவிட்டால் உள்ளே இருக்கும் மீன் முழுவதையும் எண்ணி எடைபோட்டுவிடலாம்.

அலபாமாவின் குளங்கள்

1930களில் அமெரிக்காவின் நடுச் சமவெளிகளைப் புழுதிப் புயல்கள் சூறையாடின. தென் மாநிலங்களில் பருத்தி விளைந்த சரிவுகளை மழை அரித்துக்கொண்டு போனது. 1935-இல் அந்நாட்டு அரசு மண் பாதுகாப்புப் பணித்துறையை அமைத்தது. பண்ணைகளில் சிறு கரைகள் கட்டிக் குளம் அமைப்பது அதன் பணிகளுள் ஒன்று. அடுத்து வந்த பத்தாண்டுகளில் லட்சக்கணக்கான குளங்கள் உருவாயின. மாடுகளுக்குத் தண்ணீர் கிடைத்தது, மண்ணும் ஓரளவு காப்பாற்றப்பட்டது. ஆனால் அந்தக் குளங்களில் எந்த மீனை விடுவது, எத்தனை விடுவது என்ற கேள்விக்கு யாரிடமும் உறுதியான விடை இல்லை. ஆற்றில் பிடித்ததைக் கொண்டுவந்து கொட்டினார்கள். இரண்டாம் ஆண்டில் தூண்டிலில் சிக்கியவை பெரும்பாலும் உள்ளங்கைக்கும் சிறிய, முள் நிறைந்த மீன்கள்.

விடை தேடியவர் ஹோமர் ஸ்காட் ஸ்விங்கிள். அலபாமா பாலிடெக்னிக் நிறுவனத்தில், அதாவது இன்றைய ஆபர்ன் பல்கலைக்கழகத்தில், பூச்சியியல் ஆய்வாளராக இருந்தவர் மீன்குளங்களின் பக்கம் திரும்பினார். இ.வி. ஸ்மித் அவருடன் சேர்ந்து உழைத்தார். அவர்கள் கையாண்ட முறை எளியது, ஆனால் உடலுழைப்பு மிகுந்தது: குளத்தில் எண்ணி மீன் விடுவது, ஓராண்டோ பல ஆண்டுகளோ காத்திருப்பது, பிறகு நீரை வடித்து ஒவ்வோர் இனத்தையும் அளவுவாரியாகப் பிரித்து எடைபோடுவது. இப்படிப் பல குளங்களை வடித்துப் பெற்ற எண்களை ஸ்விங்கிள் 1950-இல் ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டார். சமநிலையில் உள்ள மீன்தொகை, சமநிலை இழந்த மீன்தொகை என்று இரண்டாகப் பிரித்து அவர் அதில் வகுத்த அளவுகோல்கள் குளப் பராமரிப்பின் அடிப்படையாக இன்றும் நிற்கின்றன.

அவர்கள் முதலில் கண்டது எடையின் வரம்பு. ஒரு குளம் எத்தனை கிலோ மீனைத் தாங்கும் என்பது அதன் நீர்வளத்தைப் பொறுத்தது. விட்ட குஞ்சுகள் சிலவாயினும் பலவாயினும் பருவ முடிவில் மொத்த எடை ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. எண்ணிக்கை கூடியபோது ஒவ்வொரு மீனும் சிறுத்தது. நூறு கிலோ தாங்கும் குளத்தில் அந்த நூறு கிலோ ஐந்நூறு நல்ல மீன்களாகவும் இருக்கலாம், பத்தாயிரம் பொடி மீன்களாகவும் இருக்கலாம். குளத்துக்கு இரண்டும் ஒன்றுதான். குளத்தை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு ஒன்றல்ல.

அந்த வரம்பை உயர்த்த முடியும் என்பது அடுத்த கண்டுபிடிப்பு. வயலுக்கு இடும் உரத்தை, குறிப்பாகப் பாஸ்பரஸ் உரத்தை, குளத்துக்கு இட்டபோது நீரில் மிதக்கும் நுண்பாசிகள் பெருகி நீர் பச்சையானது. பாசியைத் தின்னும் நுண்ணிய நீர்ப்பூச்சிகள் பெருகின. அவற்றைத் தின்னும் மீன்களின் எடை மூன்று நான்கு மடங்கு வரை உயர்ந்தது. உரம் போதுமா என்று அறியப் பச்சை நீரின் தெளிவைப் பார்க்கிறார்கள். கறுப்பும் வெள்ளையுமான ஒரு தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கும்போது அது 45 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் கண்ணுக்கு மறைய வேண்டும். அதைவிட மேலேயே மறைந்தால் ஆபத்து: அடர்ந்த பாசி இரவில் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், மேகம் மூடிய கோடைநாளை அடுத்த விடியலில் மீன்கள் மேற்பரப்பில் வாயைப் பிளந்து மிதக்கும்.

ப்ளூகிலும் பாஸும்

பல சேர்க்கைகளைச் சோதித்த பின் ஸ்விங்கிள் தேர்ந்த இணை, இரையாக ப்ளூகில், வேட்டைமீனாகப் பெருவாய் பாஸ். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வட அமெரிக்காவின் சொந்த மீன்கள். ப்ளூகில் உயர்ந்து தட்டையான உடல் கொண்டது. செவுள் மூடியின் ஓரத்தில் கரிய மடல் ஒன்று இருக்கும். பாஸ் நீண்ட உடல் கொண்டது, அதன் தாடை கண்ணையும் கடந்து பின்னே போகும்.

ப்ளூகிலை இரைமீனாக்குவது அதன் இனப்பெருக்கம். நீரின் வெப்பம் 21 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் ஆண் மீன்கள் ஆழமற்ற கரையோரத்தில் வாலால் மண்ணைப் பெருக்கிக் குழிகள் அமைக்கின்றன. பத்தும் நூறுமாக அவை நெருங்கி அமைவதால், தெளிந்த நீரில் மேலிருந்து பார்த்தால் குளத்தடி குழி குழியாகத் தெரியும். ஒரு பெண் மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. ஆண் மீன் துடுப்பால் விசிறி முட்டைகளைக் காக்கிறது, இரண்டு மூன்று நாட்களில் குஞ்சுகள் பொரிகின்றன. தென் மாநிலங்களில் இது வசந்தத்தின் இறுதியில் தொடங்கிக் கோடை முழுவதும் திரும்பத் திரும்ப நடக்கிறது. குஞ்சுகள் முதலில் நடு நீருக்குச் சென்று நுண்பூச்சிகளைத் தின்கின்றன. சில வாரங்கள் கழித்து, இரண்டு சென்டிமீட்டர் அளவில், கரையோரச் செடிகளுக்குள் திரும்புகின்றன. ஆக வேட்டைமீனுக்குக் கோடை முழுவதும் பல வயதுக் குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைக்கின்றன. பாஸ் ஆண்டுக்கு ஒரு பருவத்தில் மட்டும், வசந்தத்தில், நீர் 16 முதல் 20 டிகிரியைத் தொடும்போது முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் மீன் தின்னும் அளவுக்கு வளரும் வேளையில் ப்ளூகிலின் முதல் குஞ்சுகள் பொரிந்திருக்கும். இரண்டு இனங்களின் கால அட்டவணையும் இப்படிப் பொருந்தியிருப்பது இந்த இணையின் பெரிய பலம்.

மீன் விடும் முறையும் இதே காலப் பொருத்தத்தை ஒட்டியது. உரமிடும் குளத்தில் ஏக்கருக்கு 1,000 ப்ளூகில் குஞ்சுகளை இலையுதிர் காலத்திலோ குளிர்காலத்திலோ விடுவார்கள். அடுத்த கோடைத் தொடக்கத்தில் 100 பாஸ் குஞ்சுகளை விடுவார்கள். உரமிடாத குளத்தில் இரண்டும் பாதி. பாஸ் வந்து சேரும்போது ப்ளூகில்கள் முட்டையிடத் தொடங்கியிருக்கும். பாஸை முந்தி விட்டால் அவை ப்ளூகில் குஞ்சுகளையே தின்றுவிடும், முட்டையிட ஆள் மிஞ்சாது. ப்ளூகிலை விட்டு ஓராண்டுக்கு மேல் தாமதித்தாலோ பாஸ் தின்று தீர்க்க முடியாத கூட்டம் சேர்ந்துவிடும்.

கவ்வ முடிகிற அளவு

குளத்தில் எவ்வளவு இரைமீன் இருக்கிறது என்ற கேள்வி பாதிக் கேள்விதான். அதில் எவ்வளவு வேட்டைமீனின் வாய்க்குள் போகும் என்பதே முழுக் கேள்வி. பாஸ் இரையைக் கடித்துத் தின்பதில்லை, முழுதாக விழுங்குகிறது. அதனால் தாடை விரியும் அகலம் ஓர் எல்லை, இரையின் உடல் உயரம் மற்றோர் எல்லை. ப்ளூகில் உயர்ந்த உடல் கொண்டதால் தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள ப்ளூகிலைத்தான் பாஸ் எளிதில் விழுங்கும். மெலிந்து நீண்ட மீனானால் தன் நீளத்தில் ஏறக்குறைய பாதி வரை விழுங்க முடியும். 30 சென்டிமீட்டர் பாஸுக்கு 10 சென்டிமீட்டர் ப்ளூகில் இரை, 14 சென்டிமீட்டர் ப்ளூகில் அண்டை வீட்டுக்காரன்.

ஸ்விங்கிளின் அளவுகோல்கள் இந்த எல்லையைச் சுற்றியே அமைந்தவை. குளத்தை வடித்ததும் இரைமீன்களின் மொத்த எடையை வேட்டைமீன்களின் மொத்த எடையால் வகுத்தார். நல்ல குளங்களில் இந்த எண் 3-க்கும் 6-க்கும் இடையில் இருந்தது. அதாவது 10 கிலோ பாஸ் இருக்கும் குளத்தில் 30 முதல் 60 கிலோ இரைமீன். இதைவிடக் கூரிய எண் அடுத்தது: பாஸின் வாய்க்குள் அடங்கும் சிறு இரைமீன்களின் எடையை மட்டும் பாஸின் எடையால் வகுப்பது. அது 1-க்கும் 3-க்கும் இடையில் இருக்கும்போது குளம் சிறப்பாக இருந்தது. மூன்றாவது எண் மனிதரின் தேவையை அளந்தது. மொத்த மீன் எடையில் பிடித்துச் சமைக்கும் அளவுக்கு வளர்ந்தவை எத்தனை விழுக்காடு? நல்ல குளத்தில் 60 முதல் 85.

இந்த எண்கள் தவறும்போது குளம் இரண்டு வழிகளில் சீர்கெடுகிறது. முதல் வழி ப்ளூகில் நெருக்கடி. ஏதோ காரணத்தால் பாஸ் குறைகிறது. பெரும்பாலும் தூண்டில்காரர்கள் முதல் ஆண்டிலேயே அளவுக்கு மீறிப் பிடித்துவிடுவார்கள், ஏனெனில் பாஸ் எளிதில் சிக்கும். ப்ளூகில் குஞ்சுகள் வழக்கத்தைவிட அதிகமாகப் பிழைத்து 8 முதல் 12 சென்டிமீட்டர் வரை வளர்கின்றன. அங்கே உணவு தீர்ந்து வளர்ச்சி நிற்கிறது. குட்டையாகிப்போன இந்த நடுத்தர மீன்கள் பெரும்பாலான பாஸ்களுக்குப் பெரியவை, சமையலுக்குச் சிறியவை. அவை பாஸின் கூடுகளில் புகுந்து முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்கின்றன, தங்கள் இனத்தின் முட்டைகளையும் விடுவதில்லை. குளம் நிறைய இரைமீன் இருக்க, பாஸ் மெலிகிறது. புதிய பாஸ் தலைமுறை உருவாவதில்லை. வேட்டைமீன் பசியில் வாடும் குளத்தில் இரைமீன் குறைவு என்று எண்ணி மேலும் இரைமீன் கொண்டுவந்து விடுவது இங்கே நடக்கும் வழக்கமான பிழை. செய்ய வேண்டியது நேர் எதிரானது: நடுத்தர ப்ளூகிலை வலைபோட்டு நூற்றுக்கணக்கில் அகற்றி, அவற்றை விழுங்கக்கூடிய பருமனான பாஸைச் சேர்ப்பது.

இரண்டாவது வழி பாஸ் நெருக்கடி. பிடித்த பாஸையெல்லாம் திரும்ப நீரில் விடும் பழக்கம் பரவிய பிறகு அமெரிக்கக் குளங்களில் இதுவே அதிகம் தென்படுகிறது. பாஸ்கள் யாவும் 20 முதல் 30 சென்டிமீட்டரில், தலை பெரிதும் வயிறு ஒட்டியுமாக நிற்கும். ப்ளூகில் குஞ்சுகள் பொரிந்த வேகத்தில் மறையும். தப்பிப் பிழைக்கும் சில ப்ளூகில்களுக்குப் போட்டி இல்லாததால் அவை கையகலத்துக்கும் மேல் வளரும். ப்ளூகிலையே விரும்புகிறவர்கள் இந்த நிலையை வேண்டுமென்றே வைத்துக்கொள்வதும் உண்டு. அது குறையல்ல, ஒரு தேர்வு.

குளத்தை வடிக்காமலே நிலையை அறிய 1950களில் ஸ்விங்கிள் ஒரு வழியைத் தந்தார். கோடையில் சிறு கண்ணிகள் கொண்ட, 4.5 மீட்டர் நீளக் கரைவலையைக் குளத்தின் சில இடங்களில் இழுத்துப் பார்ப்பது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோல், வலையில் வரும் பொடி மீன்கள் குளம் முழுவதன் கதையையும் சொல்லிவிடும். இளம் பாஸ்களும் புதிதாகப் பொரிந்த ப்ளூகில்களும் வந்து, நடுத்தர ப்ளூகில் ஓரிரண்டே இருந்தால் குளம் நலம். இளம் பாஸ் இல்லாமல், நடுத்தர ப்ளூகில் வலை நிறைய வந்து, புதுக் குஞ்சும் அரிதாக இருந்தால் ப்ளூகில் நெருக்கடி. புதுக் குஞ்சுகள் நிறைய, நடுத்தர மீனோ இளம் பாஸோ இல்லை என்றால் பாஸ் நெருக்கடி. அரை மணி நேரத்தில் முடியும் இந்தச் சோதனையின் துல்லியம் வியக்கத்தக்கது.

இரையிலிருந்து வேட்டைமீனுக்கு எடை மாறும் விகிதத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒரு கிலோ பாஸ் உருவாகப் பத்துக் கிலோ இரைமீன் வேண்டும் என்பது குளக்காரர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. நீந்துவதற்கும் மூச்சுக்கும் உடலைக் காப்பதற்கும் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. கடையில் சில கிலோ சிறுமீன் வாங்கி விட்டுப் பாஸைப் பருக்க வைக்கலாம் என்ற ஆசை இந்தக் கணக்கின் முன் நிற்காது. குளத்திலேயே பெருகும் இரைமீன்தான் வேட்டைமீனைத் தாங்கும்.

அச்சம் செய்யும் வேலை

வேட்டைமீன் தின்பதால் மட்டும் இரைமீனின் வாழ்வு மாறுவதில்லை. அது பக்கத்தில் இருப்பதாலேயே மாறுகிறது. 1983-இல் ஏர்ல் வெர்னர், கேரி மிட்டல்பாக் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மிச்சிகனில் உள்ள கெல்லாக் உயிரியல் நிலையத்தின் வட்டக் குளம் ஒன்றைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரு பாதியிலும் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவு ப்ளூகில்களை ஒரே எண்ணிக்கையில் விட்டார்கள். ஒரு பாதியில் மட்டும் பாஸ் சேர்த்தார்கள். விழுங்கப்படும் ஆபத்து சிறிய ப்ளூகிலுக்கு மட்டுமே இருந்தது.

பாஸ் இல்லாத பாதியில் மூன்று அளவு மீன்களும் ஒன்றுபோல நடந்துகொண்டன. கரையோரச் செடிகளில் இரை குறைந்ததும், லாபம் கூடிய திறந்த நீருக்கு இடம் மாறின. பாஸ் இருந்த பாதியில் நடுத்தர மீனும் பெரிய மீனும் அப்படியே இடம் மாறின. சிறியவை மட்டும் பெரும்பாலும் செடிகளுக்குள்ளேயே இரை தேடின. செடிகளுக்குள் கிடைத்த இரை வெளியில் கிடைப்பதைவிட மிகக் குறைவு. ஆகவே அவற்றின் அந்தப் பருவ வளர்ச்சி சுமார் கால் பங்கு குறைந்தது. வளர்ச்சி குறைந்த மீன் விழுங்கப்படும் அளவிலேயே கூடுதல் நாட்கள் தங்குகிறது, ஆபத்தும் நீள்கிறது. பெரிய மீன்களுக்கோ, சிறியவற்றின் போட்டி விலகியதால் ஆதாயம்.

குளத்தில் நீர்ச்செடி எவ்வளவு இருக்கலாம் என்ற கேள்விக்கு இந்த ஆய்வு உயிரியல் அடிப்படை தருகிறது. செடியே இல்லாவிட்டால் இரைமீனுக்கு ஒளிவிடம் இல்லை, ஒரே பருவத்தில் தீர்ந்துபோகும். குளம் முழுதும் செடி மண்டினால் பாஸால் துரத்த முடியாது, ப்ளூகில் நெரியும், நெரிந்தவை செடிகளுக்குள்ளேயே பட்டினி கிடந்து குட்டையாகும். ஓரங்களில் திட்டுத் திட்டாகச் செடியும் நடுவில் திறந்த நீரும் இருப்பதே இரண்டு தரப்புக்கும் ஏற்றது.

பிற இரைமீன்கள்

ப்ளூகில் மட்டும் போதுமான குளங்களே அதிகம். ஆயினும் பாஸைப் பெரிதாக வளர்க்க விரும்புகிறவர்கள் வேறு இரைமீன்களையும் விடுகிறார்கள். அவற்றில் மிகப் பரவலானது ஃபேட்ஹெட் மின்னோ. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த இது 5 முதல் 8 சென்டிமீட்டர் வளரும். கலங்கல் நீரையும் ஆக்சிஜன் குறைந்த நீரையும் தாங்கும். பனி உறைந்த குளத்தில் மற்ற மீன்கள் மூச்சடைத்துச் சாகும் குளிர்காலத்தையும் இது பல இடங்களில் கடந்துவிடுகிறது. ஆண் மீன் கல், பலகை, இலை ஆகியவற்றின் அடிப்பக்கத்தைத் தேர்ந்து காக்கிறது. பெண் மீன் தலைகீழாகத் திரும்பி அந்த அடிப்பக்கத்தில் முட்டைகளை ஒட்டுகிறது. வெப்ப காலத்தில் சில நாட்களுக்கு ஒருமுறை முட்டையிடும். முட்டையிட்டு முடிந்த பருவத்தோடு பெரும்பாலானவை இறந்துபோகின்றன.

இந்தச் சிறு மீனின் தோலில் ஒரு நுட்பம் இருக்கிறது. கெண்டை இனங்களின் தோல் கிழிபடும்போது ஒரு வேதிப்பொருள் நீரில் கலக்கிறது, அதை முகர்ந்த கூட்டாளிகள் சிதறி ஒளிகின்றன. ஐரோப்பிய மின்னோ ஒன்றில் இதைக் கண்டு 1938-இல் விளக்கியவர், தேனீக்களின் நடன மொழிக்காகப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃப்ரிஷ். ஃபேட்ஹெட் ஆண் மீன் முட்டைகளைத் தன் முதுகிலுள்ள பஞ்சுபோன்ற திண்டால் ஓயாமல் தேய்த்துத் துப்புரவு செய்கிறது. தேய்க்கும்போது தோல் உரசிக் கிழிந்தால் எச்சரிக்கைப் பொருள் கசிந்து பெண் மீன்களை விரட்டிவிடும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனின் தோலிலிருந்து அந்தப் பொருள் கொண்ட உயிரணுக்களே மறைந்துவிடுகின்றன, பருவம் முடிந்ததும் மீண்டும் தோன்றுகின்றன.

இத்தனை இருந்தும் பாஸ் உள்ள குளத்தில் ஃபேட்ஹெட் நிலைப்பதில்லை. மெதுவாக நீந்தும், உடல் மெலிந்தது, எந்த வயதிலும் வாய்க்குள் அடங்கும். வளர்ந்த பாஸ் இருக்கும் குளத்தில் விட்டால் சில மாதங்களில் ஒன்றும் மிஞ்சாது. புதுக் குளத்தில் பாஸுக்குப் பல மாதம் முன்பே விட்டு, முட்டையிடப் பலகைகளைப் போட்டு, பெருக விடுவதுதான் பயன். பாஸ் குஞ்சுகளின் முதல் ஆண்டை அது தாங்கும்.

கோல்டன் ஷைனர் இதைவிடப் பெரியது, விரைந்து நீந்தும். ஒட்டும் முட்டைகளைச் செடிகளின் மேல் தூவும். செடித் திட்டுகள் உள்ள குளத்தில் பாஸோடு சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். கிஸர்ட் ஷாட் வேறு வகைத் தொல்லை. ஒரு பெண் மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் முதல் கோடையிலேயே பெரும்பாலான பாஸ்களின் வாயளவைத் தாண்டி வளர்ந்துவிடும். பிறகு அவை யாருக்கும் இரையாகாமல், குளத்தின் எடை வரம்பில் பெரும்பங்கைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் வாழும். மிகப் பெரிய பாஸ்கள் உள்ள பெரிய நீர்நிலையில் அது நல்ல இரை. சிறு குளத்தில் அதை விடக் கூடாது. அதன் நெருங்கிய உறவான திரெட்ஃபின் ஷாட் வாழ்நாள் முழுதும் வாய்க்குள் அடங்கும் அளவிலேயே இருக்கிறது. நடு நீரில் திரளாக மேய்வதால் கரையோர ப்ளூகிலோடு மோதலும் குறைவு. நீர் 5 டிகிரியை நெருங்கினால் கூட்டமாக மடிவது அதன் குறை. ஆகவே தென் மாநிலங்களின் குளங்களோடு அது நின்றுவிடுகிறது.

குளிரில் மடிவது ஒரு மீனின் விஷயத்தில் குளத்துக்குச் சாதகமாகவே அமைந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த திலாப்பியாவை ஆபர்னில் சோதித்தபோது, அது கோடையில் வேகமாகப் பெருகி, நீர் 10 டிகிரி அளவுக்குக் குளிரும்போது செயலிழந்து பாஸுக்கு எளிய இரையானது. எஞ்சியவையும் குளிரில் இறந்துபோனதால் அடுத்த ஆண்டு நெருக்கடி எழவில்லை. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இந்தத் தடை கிடையாது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா, ஜிலேபி என்ற பெயரோடு ஏரி, குளம், கிணறு என எல்லாவற்றிலும் குடியேறிவிட்டது. தாய் மீன் குஞ்சுகளை வாயில் வைத்துக் காப்பதால் பிழைப்பு அதிகம். நெருக்கடியில் உள்ளங்கை அளவிலேயே முதிர்ந்து மீண்டும் குஞ்சு பொரிக்கிறது. அலபாமாவின் குட்டை ப்ளூகிலுக்கு நேர்ந்ததுதான் இங்கேயும் நேர்கிறது. விரால் போன்ற வேட்டைமீன் போதிய அளவில் இருக்கும் குளங்களில் ஜிலேபிக் குஞ்சு நல்ல இரையாகிறது. விரால் அருகிய குளத்தில் அதைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லை.

வேட்டைமீன் இல்லாத குளம்

இரைமீனின் விளைவு மேலே வேட்டைமீனோடு முடிவதில்லை, கீழே நீரின் நிறம் வரை செல்கிறது. சிறு மீன்கள் கண்ணால் பார்த்து இரை தேடுகின்றன. நுண்பூச்சிகளில் பெரியவற்றை முதலில் பொறுக்குகின்றன. அப்படி முதலில் அழிவது டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு. பாசியை வடிகட்டித் தின்பதில் அதற்கு நிகரில்லை. அது குறைந்தால் பாசி தடையின்றிப் பெருகும். 1965-இல் ஜான் புரூக்ஸும் ஸ்டான்லி டாட்சனும் கனெக்டிகட் ஏரிகளில் மீன் புகுந்த பின் நுண்பூச்சிகளின் உடலளவு சிறுத்ததைக் காட்டினார்கள்.

ஸ்டீஃபன் கார்பெண்டர், ஜேம்ஸ் கிட்செல் குழுவினர் 1985-இல் விஸ்கான்சின்–மிச்சிகன் எல்லையில் உள்ள மிகச் சிறிய ஏரிகளில் இதைச் சோதித்தார்கள். டியூஸ்டே ஏரியில் பாஸ் இல்லை, மின்னோக்கள் நிறைந்திருந்தன. அவற்றில் பெரும்பகுதியை அகற்றிப் பக்கத்துப் பீட்டர் ஏரியின் பாஸ்களைக் கொண்டுவந்து விட்டார்கள். எஞ்சிய மின்னோக்களைப் பாஸ் ஏறக்குறைய துடைத்துவிட்டது. டாஃப்னியா பெருகியது, பாசி குறைந்தது. டியூஸ்டேயின் மின்னோக்களைப் பெற்ற பீட்டர் ஏரியில் நடந்தது எதிர்பாராதது. அங்கே மிச்சம் இருந்த பாஸ்களுக்கு அஞ்சி மின்னோக்கள் ஓரங்களில் ஒதுங்கின, விரைவில் அருகின. ஆனால் தங்களைத் தின்னும் பெரிய பாஸ்கள் குறைந்ததால் பாஸ் குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்தன. அந்தக் குஞ்சுகளே நுண்பூச்சிகளைத் தின்று இரைமீனின் வேலையைச் செய்தன. வேட்டைமீனின் குஞ்சும் சிறிதாக இருக்கும்வரை இரைமீன்தான்.

மினசோட்டா, டகோட்டா சமவெளிகளின் ஆழமற்ற பள்ளக் குட்டைகளில் இது வேறொரு வடிவில் தெரிகிறது. ஃபேட்ஹெட் புகுந்த குட்டைகளில் நீர் கலங்குகிறது, அடியில் செடி குறைகிறது, நீர்ப்பூச்சிகள் அருகுகின்றன. அந்தப் பூச்சிகளையே நம்பி அங்கே குஞ்சு பொரிக்கும் வாத்துகளுக்கு உணவு குறைகிறது. ஒரு குளத்தில் பாஸுக்கு உதவியாக விடப்படும் மீன், வேட்டைமீனற்ற இன்னொரு நீர்நிலையில் இவ்வளவு சேதம் செய்கிறது.

தூண்டில் மீன் பண்ணைகள்

அமெரிக்காவில் வளர்ப்புத் தூண்டில் மீனின் தலைமையிடம் அர்க்கன்சாஸ் மாநிலத்தின் லோனோக் வட்டாரம். களிமண் நிலம், நிலத்தடி நீர், சமதளம் என நெல்லுக்கு ஏற்றவை எல்லாம் மீன்குளத்துக்கும் ஏற்றவை. கோல்டன் ஷைனர், ஃபேட்ஹெட் மின்னோ, தங்கமீன் ஆகிய மூன்றே இங்கே முக்கியம். வசந்தத்தில் ஷைனர் குளத்தின் ஆழமற்ற ஓரங்களில் தேங்காய் நாரால் ஆன விரிப்புகளைப் போடுகிறார்கள். செடி என்று எண்ணி ஷைனர்கள் அவற்றின் மேல் முட்டையிடுகின்றன. முட்டை படிந்த விரிப்புகளை, மீன் இல்லாத வேறு குளத்துக்கு மாற்றிப் பொரிக்க வைக்கிறார்கள். தாய் மீன்கள் தம் முட்டைகளையே தின்பதை இந்த மாற்றம் தடுக்கிறது.

விற்பனைக்கு முன் மீன்களைக் கம்பி இடைவெளி கொண்ட சட்டங்களில் விட்டு உடல் பருமன்படி தரம் பிரிக்கிறார்கள். கிராப்பி மீனைத் தேடுபவருக்குச் சிறியது, பாஸைத் தேடுபவருக்குப் பெரியது. வாங்குபவர் எதைப் பிடிக்கப் போகிறாரோ அதன் வாயளவைக் கேட்கிறார், வளர்ப்பவர் குளத்தில் விடும் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் அந்த அளவை உருவாக்குகிறார். ஸ்விங்கிள் கண்ட எடை வரம்பு இங்கே நேரடியாகப் பணமாகிறது: நெருக்கமாக விட்டால் சிறு மீன், கலக்க விட்டால் பெரு மீன்.

இந்த வணிகத்தின் ஆபத்து மீன்பிடித்து முடிந்த பின் வாளியில் எஞ்சும் மீன்களில் இருக்கிறது. அவற்றை அருகிலுள்ள நீரில் கொட்டிவிடுவது பலருக்கு இரக்கமான செயலாகத் தோன்றுகிறது. ஓரிகன் மாநிலத்தின் டயமண்ட் ஏரியில் தூண்டில் மீனாகக் கொண்டுவரப்பட்ட டுய் சப் என்ற சிறு மீன் பெருகி, டிரௌட் மீன்வளத்தைக் கெடுத்தது. 1954-இல் ரோட்டினோன் நஞ்சிட்டு ஏரியின் மீன் முழுவதையும் கொன்று தொடக்கத்திலிருந்து மீன் விட்டார்கள். மீண்டும் அதே மீன் புகுந்தது, பாசி பெருகி நீர் கெட்டது. 2006-இல் மறுபடி நஞ்சிட வேண்டியதாயிற்று.

நோயும் இதே வழியில் பரவும். பெரும் ஏரிகள் வட்டாரத்தில் மீன்களைக் குருதிக்கசிவால் கொல்லும் விஎச்எஸ் வைரஸ் 2005-ஐ ஒட்டிக் கண்டறியப்பட்டதும், 2006-இல் கூட்டரசு எட்டு மாநிலங்களிலிருந்து உயிர்மீன் கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்தியது. அதன்பின் பல மாநிலங்கள் காட்டு நீரில் பிடித்த தூண்டில் மீன்களுக்கு விதிகளை இறுக்கின. அர்க்கன்சாஸ் பண்ணைகள் நோய்ச் சோதனையும் இனத் தூய்மைச் சோதனையும் செய்து சான்று பெற்ற மீன்களை விற்கின்றன. கிணற்று நீரில் வளர்த்த இந்த மீன்களோடு வேற்று மீனோ நத்தையோ கலந்து வரும் வாய்ப்பு குறைவு. குளத்துக்கு இரைமீன் வாங்குபவரும் இத்தகைய சான்றைக் கேட்டு வாங்குவதே முறை. அத்துடன் விடுவதற்கு முன் பையில் உள்ள குஞ்சுகளில் ஒரு கைப்பிடியை வெள்ளைத் தட்டில் கொட்டி, எல்லாம் ஒரே இனமா, ஒரே அளவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.